பள்ளி வாரியம் ஒரு கையில், பணப்பை மறு கையில்: பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியின் பள்ளி நிர்வாக வரலாறு

1959ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியின் மேற்பார்வையாளர் மன்றம் அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை முடிவு செய்தது. சாலைகள், நீதிமன்றம், காவல் ஆகிய அனைத்துக்கும் வழக்கம்போல் வழி செய்யப்பட்டது. பள்ளிகளுக்கான வரி மட்டும் விதிக்கப்படவில்லை. பள்ளிகளை மூடுவதாக எந்த ஆணையும் பிறப்பிக்கப்படவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. செப்டம்பரில் வகுப்புகள் தொடங்க வேண்டிய நாளில் கவுண்டியின் பொதுப் பள்ளிகள் எதுவும் திறக்கவில்லை. ஐந்து கல்வியாண்டுகள் கழித்து, 1964 செப்டம்பரில்தான் அவை மீண்டும் திறந்தன. இடைப்பட்ட காலத்தில் ஏறத்தாழ 1,700 கறுப்பினக் குழந்தைகளுக்குச் சொந்த ஊரில் பள்ளிக்கூடம் இல்லை.

இந்நிகழ்வு அமெரிக்க இனவெறியின் வரலாற்றில் ஓர் அத்தியாயமாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. அது சரியே. ஆனால் இனவெறி தென் மாநிலங்கள் எங்கும் இருந்தது. ஒரு கவுண்டி முழுவதிலும் பொதுப் பள்ளிகளை ஐந்தாண்டுகள் இல்லாமலாக்கும் வல்லமை இங்கே எங்கிருந்து வந்தது என்பது தனிக் கேள்வி. அதற்கான விடை பள்ளி நிர்வாகம் கட்டப்பட்ட விதத்தில் இருக்கிறது. பள்ளியை நடத்தும் பொறுப்பு ஓர் அமைப்பிடமும் அதற்கான வரியை விதிக்கும் அதிகாரம் வேறோர் அமைப்பிடமும் இருந்தன.

சொற்களில் சற்று எச்சரிக்கை தேவை. கவுண்டி என்பதை 'மாவட்டம்' என்று மொழிபெயர்க்கும் வழக்கம் தமிழில் உண்டு. அம்மொழிபெயர்ப்பு இங்கே வழி தவறச் செய்யும். நம் மாவட்டத்தின் தலைமையில் மாநில அரசு அனுப்பிய ஆட்சியர் இருக்கிறார். வெர்ஜீனியாவின் கவுண்டியை ஆள்வது உள்ளூர் வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த மேற்பார்வையாளர் மன்றம். நிலத்தின் மீதும் உடைமையின் மீதும் வரி விதிப்பது அதன் உரிமை. பிற மாநிலங்களில் 'பள்ளி டிஸ்ட்ரிக்ட்' எனப்படுவது பல இடங்களில் தானே வரி விதிக்கும் தனி அரசு. வெர்ஜீனியாவிலோ அதை 'பள்ளி டிவிஷன்' என்கிறார்கள். டிவிஷனுக்கு வாரியம் உண்டு, கண்காணிப்பாளர் உண்டு, கட்டடங்களும் பேருந்துகளும் உண்டு. வரி விதிக்கும் அதிகாரம் மட்டும் இல்லை.

இந்த அமைப்பு ஒரே நாளில் உருவானதன்று. உள்நாட்டுப் போருக்கு முன் வெர்ஜீனியாவில் மாநிலம் முழுவதற்குமான இலவசப் பொதுப் பள்ளி முறை கிடையாது. கறுப்பினத்தவர் எழுதப் படிக்கக் கற்கக் கூடுவதையே 1831ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. போரில் தோற்ற பின், கறுப்பினப் பிரதிநிதிகளும் அமர்ந்திருந்த அவை வரைந்து, 1869இல் வாக்காளர்கள் ஏற்ற அரசமைப்புதான் முதன்முறையாக இலவசப் பொதுப் பள்ளிகளைக் கட்டாயமாக்கியது. 1870இல் வில்லியம் ஹென்றி ரஃப்னர் மாநிலத்தின் முதல் கல்விக் கண்காணிப்பாளராகி, அதற்கான சட்டத்தை வரைந்தார். அச்சட்டம் தொடக்கத்திலேயே வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிப் பள்ளிகள் என்று வகுத்துவிட்டது.

பணம் இல்லாவிட்டால் சட்டம் வெறும் காகிதம் என்பது பத்தாண்டுகளுக்குள் தெரிந்துபோயிற்று. போருக்கு முந்தைய கடனுக்கு வட்டி கட்டுவதற்காக, பள்ளிகளுக்குச் சேர வேண்டிய நிதியை மாநில அதிகாரிகள் திருப்பிவிட்டார்கள். 1870களின் இறுதியில் ஏராளமான பள்ளிகள் மூடப்பட்டன. கறுப்பின வாக்காளரும் வெள்ளை எளியோரும் சேர்ந்து உருவாக்கிய 'ரீஅட்ஜஸ்டர்' கட்சி ஆட்சிக்கு வந்து, கடனைக் குறைத்து, பள்ளிகளுக்கு நிதியை மீட்டது. வெர்ஜீனியாவின் அரசியல் நினைவில் இந்தக் கூட்டணிக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. பள்ளி நிதி என்பது வாக்குரிமையோடு பிணைந்தது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டிய நிகழ்வு அக்காலத்தில் வேறில்லை.

1902ஆம் ஆண்டின் புதிய அரசமைப்பு அந்தப் பிணைப்பை வெட்டியது. வாக்குவரி முதலான தடைகளால் கறுப்பின வாக்காளர் பட்டியல் சுருங்கிப்போயிற்று. இரு இனக் குழந்தைகளும் ஒரே பள்ளியில் கற்பிக்கப்படக் கூடாது என்ற விதியும் அதில் அரசமைப்பின் பிரிவாகவே இடம்பெற்றது. அதே ஆவணத்தின் 129ஆம் பிரிவு, மாநிலம் முழுவதும் திறமான இலவசப் பொதுப் பள்ளி முறையைச் சட்டமன்றம் நிறுவி நடத்த வேண்டும் என்றது. 'மாநிலம் முழுவதும்' என்ற சொற்கள் ஒவ்வொரு கவுண்டியையும் கட்டுப்படுத்துமா என்பதை அப்போது எவரும் கேட்கவில்லை. அறுபது ஆண்டுகளுக்குப் பின் அக்கேள்வி நீதிமன்றம் ஏறியது.

1922 வரை கவுண்டிக்குள்ளேயே பல சிறு பள்ளி வட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி அறங்காவலர்கள். அவ்வாண்டு சட்டமன்றம் கவுண்டியையே நிர்வாக அலகாக்கி, ஒரே பள்ளி வாரியத்தின் கீழ்க் கொணர்ந்தது. சிதறிக் கிடந்த ஓரறைப் பள்ளிகளை இணைத்துப் பெரிய பள்ளிகளாக்குவது, பேருந்து ஓட்டுவது, பயிற்சி பெற்ற ஆசிரியரை அமர்த்துவது ஆகியவை அக்காலச் சீர்திருத்தவாதிகளின் கனவு. அதன் பயன் முதலில் சேர்ந்தது வெள்ளைக் குழந்தைகளிடம்தான். வாரிய உறுப்பினர்களையும் மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. வட்ட நீதிபதி ஒரு சிறு குழுவை நியமிப்பார். அக்குழு வாரியத்தை நியமிக்கும். ஆக, பள்ளியை நடத்தியவர்கள் வாக்காளருக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அல்லர். வாக்காளருக்குப் பதில் சொல்லவேண்டிய மேற்பார்வையாளர்களிடமே பணம் இருந்தது. அந்த வாக்காளரில் கறுப்பினத்தவர் மிகச் சிலர்.

பிரின்ஸ் எட்வர்ட் கல்வி வாசனை அறியாத காட்டுப்புறம் அன்று. 1775இல் தொடங்கிய ஹாம்ப்டன்-சிட்னி கல்லூரி இக்கவுண்டியில்தான் இருக்கிறது. கவுண்டியின் தலைநகரான ஃபார்ம்வில்லில்தான் மாநிலத்தின் முதல் அரசு ஆசிரியைப் பயிற்சி நிறுவனம் 1884இல் அமைந்தது. இன்றைய லாங்வுட் பல்கலைக்கழகம் அதன் வழித்தோன்றல். ஆயினும் கறுப்பினக் குழந்தைகளுக்கான உயர்நிலை வகுப்புகள் கேட்காமல் வந்தவை அல்ல. 1920இல் மார்த்தா ஃபாரெஸ்டர் தலைமையில் கூடிய கறுப்பினப் பெண்கள் மன்றத்தினர் வாரியத்தை இடைவிடாது வற்புறுத்தியதன் பயனாகவே மேல்வகுப்புகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 1939இல் தனி உயர்நிலைப் பள்ளி எழுந்தது. இக்கவுண்டியில் வளர்ந்து, புக்கர் டி. வாஷிங்டனுக்குப் பின் டஸ்கீகி நிறுவனத்தின் தலைவரான ராபர்ட் ரஸ்ஸா மோட்டனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

180 மாணவருக்கென்று கட்டப்பட்ட அப்பள்ளியில் 1951 அளவில் 450 பேருக்கு மேல் படித்தார்கள். உடற்பயிற்சிக் கூடம் இல்லை, உணவுக்கூடம் இல்லை. நெரிசலைச் சமாளிக்க வாரியம் தார்க்காகிதம் போர்த்திய மரக் கொட்டகைகளை எழுப்பியது. பார்த்தவர்கள் அவற்றைக் கோழிக்கூண்டு என்றே அழைத்தார்கள். குளிர்காலத்தில் அடுப்பருகே உட்கார்ந்த பிள்ளை வியர்த்தது. சுவரோரம் உட்கார்ந்த பிள்ளை மேலங்கியைக் கழற்றவில்லை. ஆயர் எல். பிரான்சிஸ் கிரிஃபினும் பெற்றோர் சங்கத்தினரும் மாதந்தோறும் வாரியக் கூட்டத்துக்குச் சென்று புதிய கட்டடம் கேட்டார்கள். இடம் பார்க்கிறோம் என்பதே மாதந்தோறும் கிடைத்த விடை.

1951 ஏப்ரல் 23 அன்று, பதினாறு வயது மாணவி பார்பரா ஜான்ஸ் ஏற்பாடு செய்தபடி, தலைமையாசிரியர் ஒரு பொய்த் தொலைபேசி அழைப்பால் வெளியே வரவழைக்கப்பட்டார். மாணவர் அனைவரும் அரங்கில் கூடினர், வேலைநிறுத்தம் தொடங்கிற்று. அவர்கள் முதலில் கேட்டது வெள்ளையரோடு சேர்ந்து படிக்கும் உரிமையை அன்று. ஒரு நல்ல கட்டடத்தை மட்டுமே. கறுப்பின உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும், பிரிவினையையே எதிர்த்து வழக்காடுவதானால் மட்டும் துணைநிற்போம் என்றார்கள். மாணவர்களும் பெற்றோரும் இசைந்தனர். மே 23 அன்று 117 மாணவர்கள் சார்பில் வழக்குப் பதிவாயிற்று. 1954இல் உச்ச நீதிமன்றம் பிரவுன் தீர்ப்பில் ஒன்றாகச் சேர்த்து முடிவு செய்த வழக்குகளில் இதுவும் ஒன்று. மாணவர்கள் தாமே தொடங்கிய போராட்டத்திலிருந்து பிறந்தது இவ்வழக்கு மட்டுமே. பார்பராவைப் பாதுகாப்புக் கருதி மான்ட்கோமரியில் இருந்த தந்தையின் சகோதரர் வெர்னான் ஜான்ஸின் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

இனி நடந்ததைப் பணத்தின் வழியே பின்தொடர்வது நல்லது. 1953இல் கறுப்பின மாணவருக்குப் புதிய உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. இத்தனை ஆண்டுகளாக 'இடம் பார்த்துக்கொண்டிருந்த' வாரியத்துக்கு, வழக்கு என்றதும் இடமும் பணமும் கிடைத்துவிட்டன. பிரவுன் தீர்ப்புக்குப் பின் மேற்பார்வையாளர்கள் பள்ளிகளுக்கு ஆண்டுத் தொகை ஒதுக்குவதை நிறுத்தி, மாதத்துக்கு மாதம் அளந்து கொடுக்கலானார்கள். நீதிமன்ற ஆணை எந்த மாதம் வந்தாலும் அடுத்த மாதமே நிறுத்திவிடலாம் என்பது கணக்கு. கலப்புப் பள்ளிகளுக்குக் காசு தருவதில்லை என்று 1956இலேயே தீர்மானமும் ஆயிற்று. அறிவிக்கப்பட்ட எண்ணம் இது, யாரும் மறைக்கவில்லை.

மாநில அளவில் செனட்டர் ஹாரி பேர்ட் 'பேரெதிர்ப்பு' என்ற கொள்கையை அறிவித்தார். கலப்புக்கு ஆணையிடப்பட்ட பள்ளியை ஆளுநரே மூடும் சட்டம் 1956இல் வந்தது. 1958 இலையுதிர்காலத்தில் நார்ஃபோக், சார்லட்ஸ்வில், வாரன் கவுண்டி ஆகிய இடங்களில் பள்ளிகள் அவ்வாறே மூடப்பட்டன. 1959 ஜனவரி 19 அன்று மாநில உச்ச நீதிமன்றமும் கூட்டாட்சி நீதிமன்றமும் ஒரே நாளில் அச்சட்டத்தை வீழ்த்தின. பிப்ரவரியில் நார்ஃபோக்கிலும் ஆர்லிங்டனிலும் கறுப்பின மாணவர் வெள்ளையர் பள்ளிக்குள் நுழைந்தனர். மாநிலம் தோற்றுப் பின்வாங்கிய அந்தத் தருணத்தில்தான் கவுண்டிகள் கைக்குப் பொறுப்பு மாறியது. கட்டாய வருகைச் சட்டம் நீக்கப்பட்டு, அது அந்தந்த உள்ளாட்சியின் விருப்பத்துக்கு விடப்பட்டது. ஆளுநர் பள்ளியை மூடினால் அது அரசின் செயல்; நீதிமன்றம் தடுக்கும். கவுண்டி வரி விதிக்காமல் இருந்தாலோ அது செயலே அன்று, செயலின்மை. எந்தப் பிரிவின் கீழ் அதைத் தடுப்பது? சட்ட நுணுக்கம் அறிந்தவர்கள் கண்டுபிடித்த இடைவெளி இது. மூடத்தனத்தின் விளைவென்று ஒதுக்கிவிட முடியாது.

வெள்ளைக் குழந்தைகளுக்கு மாற்று ஏற்பாடு முன்பே ஆயத்தமாக இருந்தது. பிரின்ஸ் எட்வர்ட் பள்ளி அறக்கட்டளை என்ற தனியார் அமைப்பு தேவாலயங்களிலும் காலியிருந்த கட்டடங்களிலும் வகுப்புகளைத் தொடங்கியது. பொதுப் பள்ளியின் வெள்ளையின ஆசிரியர்களில் ஏறத்தாழ அனைவரும் அங்கே சென்றனர். ஏறத்தாழ 1,500 பிள்ளைகள். அவர்களுக்குப் பெயர்ப்பலகை மட்டுமே மாறியது. முதலாண்டு நன்கொடையில் ஓடிய அப்பள்ளிக்கு அடுத்த ஆண்டில் அரசுப் பணம் வந்து சேர்ந்தது. தொடக்கப்பள்ளி மாணவருக்கு 125 டாலர், உயர்நிலை மாணவருக்கு 150 டாலர் என மாநிலம் கட்டண மானியம் தந்தது. கவுண்டி தன் பங்காக 100 டாலர் மானியமும், தனியார் பள்ளிக்கு நன்கொடை தருவோருக்குச் சொத்து வரியில் 25 விழுக்காடு வரை கழிவும் அளித்தது. பொதுப் பள்ளிக்கு வரியே இல்லை என்ற அதே மன்றத்தின் தீர்மானம் இது. 1961இல் கூட்டாட்சி நீதிமன்றம், பொதுப் பள்ளிகள் மூடியிருக்கும் வரை கவுண்டி இம்மானியத்தையும் கழிவையும் தரக் கூடாது என்று தடுத்தது.

கறுப்பினக் குழந்தைகளுக்கும் தனியார் பள்ளி அமைத்துத் தருவதாக ஒரு முன்மொழிவு வந்தது. கறுப்பினச் சமூகம் அதை ஏற்கவில்லை. ஏற்றிருந்தால், இரு இனத்துக்கும் சமவாய்ப்பு உண்டு என்று சொல்லி வழக்கு முடிந்திருக்கும். பொதுப் பள்ளி என்ற ஏற்பாடே அக்கவுண்டியில் முடிந்திருக்கும். ஆனால் அந்த மறுப்புக்கு விலை கொடுத்தவர்கள் குழந்தைகள். ஏறத்தாழ அறுபது உயர்நிலை மாணவர்களை வட கரோலினாவின் கிட்ரெல் கல்லூரி சேர்த்துக்கொண்டது. குவேக்கர் சேவைக்குழு வேறு மாநிலங்களில் குடும்பங்களைத் தேடி, சில டஜன் பிள்ளைகளை அங்கே தங்கிப் படிக்க அனுப்பியது. சிலர் அண்டைக் கவுண்டியில் உறவினர் வீட்டு முகவரியைக் காட்டிச் சேர்ந்தனர். தேவாலய அடித்தளங்களில் பயிற்சி மையங்கள் நடந்தன; அவற்றை நடத்தியவர்கள் அவற்றைப் பள்ளி என்று அழைப்பதைக் கவனமாகத் தவிர்த்தார்கள், பள்ளி இருக்கிறதே என்ற வாதத்துக்கு இடம் தரக் கூடாது என்பதற்காக. எஞ்சிய பெரும்பாலோர் புகையிலை வயலுக்குச் சென்றார்கள், அல்லது வீட்டில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டார்கள். மானியத்துக்கு மேல் கட்டணம் கட்ட இயலாத வெள்ளை ஏழைகளின் பிள்ளைகள் சிலரும் இவ்வரிசையில் உண்டு. அவர்களைப் பற்றிப் பேசியவர் அன்றும் குறைவு, இன்றும் குறைவு.

இக்காலத்தில் பள்ளி வாரியம் என்னவாயிற்று? அது கலைக்கப்படவில்லை. கண்காணிப்பாளரும் இருந்தார், கட்டடங்கள் வாரியத்தின் பெயரில் பூட்டிக் கிடந்தன. 1960இல் அக்கட்டடத்தைத் தனியார் அறக்கட்டளைக்கு விற்றுவிடும் நெருக்கடி எழுந்தபோது, வாரிய உறுப்பினரில் பெரும்பாலோர் விலகிவிட்டனர். அவர்கள் கலப்புப் பள்ளிக்கு ஆதரவாளர் அல்லர். பொதுச் சொத்தை விற்பதற்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. வரி விதிக்கும் அதிகாரம் அவர்களிடம் இருந்திருந்தால் வரலாறு மாறியிருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் விலகுவதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியாத நிலையில் அவர்களை வைத்தது அமைப்புதான்.

1963இல் சட்டத்துறைத் தலைவர் ராபர்ட் கென்னடி ஓர் உரையில், இலவசப் பொதுக் கல்வி இல்லாத இடங்கள் என்று கம்யூனிஸ்ட் சீனா, வட வியட்நாம், சரவாக், சிங்கப்பூர், பிரிட்டிஷ் ஹோண்டுராஸ் ஆகியவற்றை அடுக்கி, பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியையும் அவ்வரிசையில் சேர்த்தார். ஆசிய நாடுகளைப் பற்றிய அப்பட்டியல் எவ்வளவு துல்லியமானது என்பது வேறு விவாதம். பனிப்போர்க் காலத்தில் வாஷிங்டனுக்கு எது உறுத்தியது என்பதை அது நன்றாகவே காட்டுகிறது. அவ்வாண்டு செப்டம்பரில் நன்கொடை நிதியில் 'இலவசப் பள்ளிச் சங்கம்' வகுப்புகளைத் தொடங்கியது. வெள்ளையர் மூவரும் கறுப்பினத்தவர் மூவருமாக அறங்காவலர் அறுவர். முன்னாள் ஆளுநர் கோல்கேட் டார்டன் தலைவர். நியூயார்க்கிலிருந்து வந்த நீல் சல்லிவன் கண்காணிப்பாளர். 1,500க்கு மேற்பட்ட பிள்ளைகள் வந்தார்கள். வெள்ளைப் பிள்ளைகள் ஒற்றை இலக்கத்தில். பத்து வயதில் முதன்முறையாகப் பள்ளிக்குள் நுழைந்த பிள்ளையை எந்த வகுப்பில் அமர்த்துவது? வயதுக்கும் வகுப்புக்கும் உள்ள உறவே அறுந்திருந்தது. ஆகவே வகுப்பு எண்களை நீக்கி, அவரவர் நிலைக்கேற்ற குழுக்களாகக் கற்பித்தார்கள். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கிரீன் தலைமையிலான ஆய்வுக்குழு அதே காலத்தில் இக்குழந்தைகளைச் சோதித்து, பள்ளியற்ற ஆண்டுகள் வாசிப்பிலும் கணக்கிலும் ஏற்படுத்திய பேரிழப்பைப் பதிவுசெய்தது.

1963 டிசம்பரில் வெர்ஜீனியாவின் உச்ச நீதிமன்றம் அந்தப் பழைய 129ஆம் பிரிவுக்குப் பொருள் சொன்னது. மாநிலம் முழுவதற்கும் பள்ளி முறை வேண்டும் என்பது சட்டமன்றத்தின் கடமைதான். ஆனால் ஒரு கவுண்டி பணம் தர மறுத்தால் அங்கே பள்ளி நடத்தியே ஆக வேண்டும் என்று அப்பிரிவு சொல்லவில்லை என்றது நீதிமன்றம். 'முறைமை' என்ற சொல்லுக்குள் ஒரு கவுண்டி அளவுக்கு ஓட்டை இருக்கலாம் என்பதே இதன் பொருள்.

1964 மே 25 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், கிரிஃபின் வழக்கில் நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதிய தீர்ப்பில், விடையை வேறிடத்தில் தேடியது. மாநிலத்தின் பிற கவுண்டிகளெல்லாம் பொதுப் பள்ளி நடத்த, இங்கு மட்டும் மூடப்பட்டது இனத்தின் பொருட்டே; ஆகவே சமப் பாதுகாப்புக்கு முரண் என்றது. தேவையானால் மேற்பார்வையாளர்கள் தம் வரி விதிக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று மாவட்ட நீதிமன்றம் ஆணையிடலாம் என்பது அதன் கூரிய முனை. பள்ளிகளைத் திறக்கக் கட்டளையிடும் அதிகாரம் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு உண்டு என்பதை மட்டும் நீதிபதிகள் கிளார்க், ஹார்லன் இருவரும் ஏற்கவில்லை. நிர்வாக அமைப்பின் எந்த மூட்டில் கோளாறு இருந்ததோ, அந்த மூட்டிலேயே தீர்ப்பு கைவைத்தது.

மேற்பார்வையாளர்கள் பணிந்தார்கள், கணக்கோடு. பொதுப் பள்ளிகளுக்கு 189,000 டாலர். தனியார் பள்ளி மாணவருக்கான மானியத்துக்கு 375,000 டாலர். மானியத்தை எதிர்த்து மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே, ஆகஸ்ட் மாதத்தில் ஓரிரவோடு இரவாகக் காசோலைகளைப் பெற்றோருக்கு வழங்கி முடித்தார்கள். இது நீதிமன்ற அவமதிப்பு என்று 1966இல் முடிவாயிற்று. செப்டம்பரில் திறந்த பொதுப் பள்ளிகளில் ஏறத்தாழ அனைவரும் கறுப்பினப் பிள்ளைகள். தனியார் பள்ளி அதன்பின் இருபதாண்டுகள் வெள்ளையருக்கு மட்டுமே இடம் தந்தது.

1971இல் நடைமுறைக்கு வந்த வெர்ஜீனியாவின் புதிய அரசமைப்பு, கல்விச் செலவில் தன் பங்கை ஒவ்வோர் உள்ளாட்சியும் தந்தாக வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதிக்கொண்டது. வாரிய உறுப்பினரை மக்களே தேர்ந்தெடுக்கச் சட்டம் இடம் தந்தது 1992இல். 1951இல் வேலைநிறுத்தம் தொடங்கிய மோட்டன் பள்ளிக் கட்டடம் இன்று அருங்காட்சியகம். வரி விதிக்கும் அதிகாரம் மட்டும் பள்ளி வாரியத்துக்கு இன்னும் வரவில்லை. ஆண்டுதோறும் வெர்ஜீனியாவின் கண்காணிப்பாளர்கள் வரவு செலவு மதிப்பீட்டை எடுத்துக்கொண்டு மேற்பார்வையாளர் மன்றத்தின் முன் போய் நிற்கிறார்கள்.